பொம்மைத் தலைக்கு வைத்த பொட்டு

என் அண்ணி எதையும் முதலில் தொடுவதில்லை. புது அரிசி மூட்டையைப் பிரிப்பது, புது கேஸ் சிலிண்டரை மாட்டி அடுப்பைப் பற்றவைப்பது, மகளுக்கு வாங்கிய புதுப் பையின் ஜிப்பை இழுத்துப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுவாள். நீ கை வை, அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஏன், உன் கையில் முள்ளா முளைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவள் சொன்னதைச் செய்துவிட்டு வருவேன். கேட்காமலும் இருக்க முடியாது, செய்யாமலும் இருக்க முடியாது.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. அண்ணன் செத்துப்போன பிறகும்கூட இவ்வளவு இல்லை. இந்த வியாதி அவளுக்கு ஒட்டிக்கொண்டது எங்கள் கம்பெனியில், ஒரு ஆயுத பூஜையில். தன் கை பட்டால் எதுவும் கெட்டுவிடும் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவள் மனசிலிருந்து பிடுங்கிப் போட நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அண்ணி, அண்ணியின் மகள், நான். அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் வேலை முடிந்து பைக்கில் வரும்போது ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி அவனை இடித்துவிட்டது. நான் கல்யாணமாகிப் போன வேகத்திலேயே மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவள். என் வாய்க்கு அந்த வீடு தாங்கவில்லை என்று எங்கள் ஊர் வல்லக்கோட்டையில் சொல்வார்கள். பொய்யில்லை. அண்ணி என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். முறைக்குத்தான் அண்ணி, பேச்சுக்குத் தோழி. என்னைவிட உயரம், என்னைவிடப் பொறுமை, என்னைவிட நல்லவள். இதில் முதல் இரண்டை மட்டும் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

நான் முதலில் கம்பெனியில் சேர்ந்து பர்மனென்ட் ஆனேன். அண்ணன் போன பிறகு அண்ணியை கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் செய்வது ஹெட்செட். காதில் மாட்டுகிறது இல்லை, கண்ணில் மாட்டுகிறது. அதை மாட்டிக்கொண்டால் நாம் நிற்கிற இடம் மறைந்துபோய் வேறொரு உலகத்துக்குள் நிற்போம். கடற்கரை வேண்டுமென்றால் கடற்கரை, மலை வேண்டுமென்றால் மலை. திரும்பினால் அந்த உலகமும் திரும்பும், குனிந்தால் தரை தெரியும். அந்தக் கடலையும் மலையையும் யாரோ எங்கேயோ கம்ப்யூட்டரில் வரைகிறார்களாம். நாங்கள் பெட்டியைத்தான் செய்கிறோம். லென்ஸ் வைப்பவள் ஒருத்தி, கேமரா வைப்பவள் ஒருத்தி, முகத்தில் படுகிற பஞ்சு மெத்தையை ஒட்டுவது நான்.

அண்ணிக்குக் கிடைத்தது லெவல் ஸ்டேஷன். சேர்ந்த புதிதில் வகுப்பெடுத்த இன்ஜினியர் அதை நன்றாகவே சொன்னார். கண்ணை மூடிக்கொண்டாலும் மேல் எது கீழ் எது என்று நமக்குத் தெரிகிறது, அதற்குக் காதுக்குள் ஒரு உறுப்பு இருக்கிறது. ஹெட்செட்டுக்கு அந்த வேலையைச் செய்ய மிளகு அளவில் ஒரு சிப் உண்டு. ஆனால் புதுசாய்ப் பிறந்த சிப்புக்கு நேர் எது, சாய்வு எது என்று தெரியாது. யாராவது ஒரு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக அண்ணியின் ஸ்டேஷனில் ஒரு கனமான மேசை, அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தலை. மூக்கு உண்டு, நெற்றி உண்டு, வாய் கிடையாது. அந்தத் தலையில் ஹெட்செட்டை மாட்டி பட்டனை அழுத்தினால், இதுதான் நேர் என்று ஹெட்செட் கற்றுக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்ததும் கழற்றி அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் கற்றுக்கொண்டதுதான் அதன் ஆயுசுக்கும். இங்கே ஒரு மயிரிழை தப்பாகச் சொல்லிக்கொடுத்தால், எங்கேயோ ஒரு வீட்டில் அதை மாட்டிக்கொள்கிற ஆளுக்குக் கடலே சாய்ந்து தெரியும், தலை சுற்றி வாந்தி வரும் என்றார் அவர்.

அண்ணி அதை அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, "அப்ப அந்தக் கடலு என் கையிலதான் கீதுன்னு சொல்லு" என்றாள். அண்ணன் போன பிறகு அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நானும், ஆமாம் அண்ணி, வருணபகவானுக்கே நீதான் சூப்பர்வைசர் என்று கிண்டல் செய்தேன்.

இத்தனைக்கும் அந்தக் கடலை அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய ஸ்டேஷனில் திரை இருட்டாகத்தான் இருக்கும். அடுத்த ஸ்டேஷனில் வெறும் புள்ளிகள் தெரியும். கடல், மலை எல்லாம் பெட்டி எங்களை விட்டுப் போன பிறகு ஏற்றுவது. உள்ளே என்னதான் தெரியும் என்று மகள் கேட்கும்போதெல்லாம், எனக்கு இன்னா தெரியும், நான் தலைக்கு மாட்டுறவ என்பாள்.

அந்த பிளாஸ்டிக் தலையை லைனில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டோம். பொண்டாட்டியை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மாப்பிள்ளை உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நான்தான் பெயர் வைத்தேன். ஷிஃப்ட் தொடங்கும்போது அண்ணி அதன் முகத்தைத் தனித் துணியால் துடைப்பாள். காதுக்குப் பின்னால்கூடத் துடைப்பாள். அங்கே துடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பிறகு அவளை பர்மனென்ட் ஆக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சூப்பர்வைசர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அவளிடம் சொல்லிவிட்டேன். வாயில் எதுவும் நிற்காது எனக்கு.

ஆயுத பூஜை எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் பொங்கலைவிடப் பெரிசு. அதற்கு முந்தின நாள் லைனை நிறுத்திவிட்டு மொத்த ஹாலையும் கழுவி விடுவார்கள். மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து மேசை, மெஷின் எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்துவார்கள். தரையைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, மறுபடியும் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைப்பார்கள். அந்த வருஷமும் அப்படித்தான் நடந்தது. உள்ளே கற்பூரம் ஏற்றினால் புகை அலாரம் அலறும் என்பதால் பூஜையை வாசலில் முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத் தட்டையும் மட்டும் லைனுக்குள் கொண்டுவந்தார்கள். அவரவர் ஸ்டேஷனுக்கு அவரவர் பொட்டு வைக்க வேண்டும். மெஷினின் வெளித்தகட்டில் மட்டும் வையுங்கள் என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே போனார்.

எல்லோரும் வைத்தார்கள். அண்ணி மட்டும் தூண் ஓரமாக நின்றாள். இரண்டு கையையும் கம்பெனி கோட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மாதிரி. யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. குங்குமத் தட்டு அவளைத் தாண்டிப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் போய்ச் சேர்ந்தது லாரியில் அடிபட்டு, இவள் என்ன பாவம் செய்தாள்?

நான் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம்டி. நீயே வச்சிடு."

"தெனம் அந்தத் தலைய தொடச்சி வுடறது யாரு? நானா?" என்றேன். "நீ வைக்கலன்னா இந்தத் தட்ட நான் கீழ வைக்க மாட்டேன்."

லைன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் மெதுவாக வந்தாள். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு மாப்பிள்ளையின் நெற்றியில் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். வெளித்தகடு என்று சூப்பர்வைசர் சொன்னது இருவருக்கும் ஞாபகம் இல்லை. மற்ற மெஷினுக்கெல்லாம் எங்கே வைத்தாலும் பொட்டுதான். நெற்றி என்று ஒன்று இருக்கும்போது அதை வெறுமையாக விட்டுவிட்டு மேசைக்காலில் வைக்க யாருக்கு மனசு வரும்? பெண்கள் சிரித்தார்கள், மாப்பிள்ளைக்குக் களை வந்துவிட்டது என்றார்கள். அண்ணியும் சிரித்தாள். சாயங்காலம் பொரி பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்த முகமாகவே வந்தாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து லைன் ஓட ஆரம்பித்தது. சில நாள் கழித்து, பெட்டிகளை மாட்டிப் பார்க்கும் குவாலிட்டி ரூமிலிருந்து தகவல் வந்தது. தரை சாய்கிறது. பூஜைக்குப் பிறகு செய்த பெட்டி எதை எடுத்து மாட்டினாலும் தரை ஒரு பக்கமாக இறங்குகிறது. லைனை நிறுத்தினார்கள். மேனேஜர், இன்ஜினியர்கள், சூப்பர்வைசர் எல்லோரும் லெவல் ஸ்டேஷனைச் சுற்றி நின்றார்கள். பொட்டு அழியக் கூடாதென்று அண்ணி அதைச் சுற்றித்தான் துடைத்துவந்தாள், மாப்பிள்ளையின் நெற்றியில் சந்தனம் காய்ந்து தடித்துப்போய் இருந்தது.

அதன் மேல் ஹெட்செட் உட்காரும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் சாய்வு என்று அங்கேயே முடிவு செய்தார்கள். சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தார்கள். அதோடு மேசையிலும் சாய்வு காட்டுகிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, மேசைக்காலைத் திருகிச் சரிசெய்தார்கள். மறுபடியும் ஓட்டிப் பார்த்தபோது தரை நேராகிவிட்டது. சந்தனத்தால் நேரானதா, மேசைக்காலைத் திருகியதால் நேரானதா என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சளாக ஒன்று கண்ணுக்குத் தெரிகிறபோது தெரியாததை யார் தேடுவார்கள்?

பொட்டு வைத்தது யார் என்று மேனேஜர் கேட்டார். நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சொல்ல நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அதற்குள் அண்ணி பேசிவிட்டாள்.

"நான்தான் சார் வச்சேன். யாரும் சொல்லல. நானாத்தான் வச்சேன்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கே வாய் அடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள். "ரெண்டு பேரு வேலயும் போயி இன்னா பண்றது? ஒரு அடுப்பாவது எரியட்டும்." மறுநாள் நான் சூப்பர்வைசரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முடிந்ததைக் கிளறாதே, உனக்கும் மெமோ வரும் என்றார். கான்ட்ராக்டை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்.

வேலை போனதை அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். கடைசி வாரம் கேன்டீனில் நடந்ததுதான் அவளைத் தின்றுவிட்டது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். தாலி அறுத்தவளைப் பொட்டு வைக்க விட்டால் விளங்குமா என்று. எங்கள் காதில் விழ வேண்டும் என்று பேசவில்லை, ஆனால் விழுந்துவிட்டது. நான் எழுந்து போய் ஒருத்தியின் தட்டைக் கவிழ்த்தேன். சாம்பார் அவள் கோட்டெல்லாம் வழிந்தது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது, அதைப் பற்றிக் கவலையில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

"அவங்க சொன்னதுல இன்னா தப்பு?" என்றாள். "எல்லாரும்தான் பொட்டு வச்சாங்க. எல்லா மிஷினும் ஓடிச்சி. என் கை பட்டதுதான் சாஞ்சிச்சி."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்துக்குக் கை ராசி தெரியுமா, சுமங்கலி வைத்திருந்தாலும் அது தடிக்கத்தானே செய்யும் என்று கேட்டேன். சரி சரி என்பாள். சரி என்று அவள் சொல்கிற மாதிரி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கதவைச் சாத்துகிற சரி அது.

வடநாட்டுப் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலைக்குப் போனாள். அங்கேயும் காய் நறுக்குவாள், பாத்திரம் கழுவுவாள், அடுப்பை மட்டும் வேறு யாராவது பற்றவைக்க வேண்டும். வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதை மகளிடம் விட்டுவிட்டாள். பிள்ளைக்குப் பன்னிரண்டாவது பரீட்சை வந்தது. எல்.கே.ஜி.யிலிருந்து அவள் கையால்தான் அதற்குத் திருநீறு. அன்றைக்குக் காலையில் அது வழக்கம்போல வந்து அம்மாவின் முன்னால் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றது. அண்ணி திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்தாள், என்னிடம் நீட்டினாள். "அத்தை கிட்ட வச்சிக்கோ. நல்லா எழுதணும் இல்ல" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தது. அதற்கு எல்லாம் தெரியும். நான் வைத்துவிட்டேன். பஸ் வந்துவிடும், அந்த நேரத்தில் என்ன சண்டை போடுவது? அன்றைக்கு லைனில் மெத்தை ஒட்டும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்து, ஒட்டினது கோணிக்கொண்டே போனது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. லைனுக்குள் சந்தனமும் கிடையாது, குங்குமமும் கிடையாது என்று கண்டிப்பான உத்தரவு. வாசலில் சாமி படத்துக்குப் பூ போட்டதோடு சரி. ஆனால் ஹாலைக் கழுவுவது மட்டும் நிற்கவில்லை. மேசைகளை நகர்த்தினார்கள், கழுவினார்கள், திரும்ப வைத்தார்கள். லீவு முடிந்து லைன் ஓடியது. குவாலிட்டி ரூமிலிருந்து மறுபடியும் தகவல் வந்தது. தரை சாய்கிறது.

மாப்பிள்ளையின் நெற்றியைப் போய்ப் பார்த்தேன். பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. மெயின்டனன்ஸில் ஒரு திருநெல்வேலி அண்ணன் உண்டு. அவர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நாலு காலில் ஒன்றில், உயரம் மாறாமல் இறுக்கிப் பிடிக்கிற நட்டு தேய்ந்துபோயிருந்தது. மேசையை இழுக்கும்போதெல்லாம் அந்தக் கால் தானாகச் சுற்றி இறங்கியிருக்கிறது. மேசை சாய்ந்தால் தலை சாயும், தலை சாய்ந்தால் அந்த உலகமே சாயும். அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொள்ளும்போது கேட்டேன், போன வருஷமும் இதுதானா என்று.

"இதேதாம்மா. சந்தனம் என்ன அம்புட்டு கனமா இருக்கும்? நான் அப்பமே சொன்னேன், யாரு கேட்டா?"

நான் நேராக சூப்பர்வைசரிடம் போனேன். அப்படியானால் எங்கள் அண்ணியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்றார். சரி, உன் பேரில் தப்பில்லை என்று ஒரு போன் பண்ணியாவது சொல்லுங்கள் என்றேன். கம்பெனி அப்படியெல்லாம் சொல்லாதும்மா, ரிப்போர்ட் மூடியாச்சு என்றார். நல்ல மனிதர்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

யார் சொன்னால் என்ன, நான் சொல்கிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன். அண்ணி வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். நட்டு தேய்ந்தது, சந்தனமே வைக்காமல் இந்த வருஷமும் சாய்ந்தது, திருநெல்வேலி அண்ணன் சொன்னது. அவள் காம்புகளைத் தனியாகவும் கீரையைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. என் மேல் பரிதாபம்தான் இருந்தது.

"உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கூட நீ இப்பிடித்தான் மூச்சு வாங்க ஓடியாந்தே" என்றாள். "நல்லா கீறாரு, வா அண்ணி, போயி பார்த்துட்டு வரலாம்னு சொன்னே. நானும் பிளாஸ்க்குல கஞ்சி ஊத்தி எடுத்துகினு வந்தேன்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோதே அண்ணன் உயிர் போயிருந்தது. வழியில் அவள் விழுந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் சொல்கிற பொய்யைத்தான் நானும் சொன்னேன். ஆட்டோவில் வழி முழுக்கக் கஞ்சி சூடு ஆறாமல் பிளாஸ்க்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அந்தத் திருநெல்வேலி அண்ணனையே வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், அவர் வாயாலேயே கேள் என்றேன். நீ சொல்லிக்கொடுத்துக் கூட்டி வருவாய், பாவம் அவருக்கு எதற்கு இந்த வேலை என்று கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் வாயால் ஆகாது என்று அப்போது புரிந்தது. ஊரையே வாயால் ஜெயிக்கிறவள் நான், ஒருத்தியிடம் தோற்றேன். அவளே தன் கண்ணால் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் வழி என்று நினைத்தேன். கம்பெனியில் ஃபேமிலி டே வந்தது. அன்றைக்கு வீட்டு மனிதர்களை உள்ளே விடுவார்கள், ஹெட்செட்டை மாட்டிப் பார்க்கவும் விடுவார்கள். மாப்பிள்ளையின் தலையிலிருந்து இறங்கி வந்த பெட்டியை அவள் மாட்டட்டும். தரை சாயவில்லை, ஒன்றும் கெடவில்லை என்று பார்த்தால் அவள் மனசும் நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் வரமாட்டேன் என்றாள். மகள் கெஞ்சிய பிறகு வந்தாள்.

ஷாமியானா, பலூன், பிரியாணி, மைக்கில் அந்தாக்ஷரி என்று கம்பெனி அமர்க்களமாக இருந்தது. பழைய லைன் பெண்கள் சிலர் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவள் நாசூக்காகக் கையை உருவிக்கொண்டாள். லைனைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்க்கலாம். அவளுடைய ஸ்டேஷன் முன்னால் போனதும் நின்றுவிட்டாள். சாம்பல் தலை தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. மேசைக்கு நாலு புதுக் கால்கள். பார், மாற்றியிருக்கிறார்கள் பார் என்று காட்டினேன். அவள் காலைப் பார்க்கவில்லை. அந்த நெற்றியைப் பார்த்தாள். "மாப்பிள்ள எளச்சிட்டாரு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் ஹாலில் தரைவிரிப்பு விரித்திருந்தார்கள். உள்ளே ஒருவர் பார்ப்பதை மற்றவர்களும் பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு பெரிய டி.வி. இருந்தது. அண்ணியின் மகள் முதலில் மாட்டிக்கொண்டாள். கடற்கரை வந்தது. எல்லோரையும் போல அவளும் வானத்தைப் பார்த்தாள், பறவையைத் துரத்திக்கொண்டு தலையைத் திருப்பினாள், அலை காலில் படுகிறது என்று குதித்தாள். அடுத்து அண்ணி. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீயே மாட்டிவிடு என்றாள். நான் மாட்டி, பின்பக்கப் பட்டையை இழுத்து இறுக்கினேன். நான் ஒட்டின மெத்தையாகக்கூட இருக்கலாம், அவள் கன்னத்தில் சரியாக உட்கார்ந்தது.

டி.வி.யில் மணல் தெரிந்தது. வெறும் மணல். அவள் வானத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். நாலு பக்கமும் தரையையே பார்த்தாள். கட்டை விரலை நீட்டி, மேடு பள்ளம் இருக்கிறதா என்று விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே நின்ற இளவயது இன்ஜினியர், நிமிர்ந்து கடலைப் பாருங்கக்கா என்றார். அவள் நிமிர்ந்தாள். கடலும் வானமும் சேர்கிற கோடு டி.வி.யில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் ஓடியது. அவள் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் அவசரப்பட்டார்கள். நான் திரும்பி முறைத்தேன்.

"நேராத்தான் கீது" என்றாள் அண்ணி.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பார்த்தியா? நான் சொன்னேனா இல்லையா?" என்றேன். அண்ணி சிரித்தாள். பூஜையன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள்.

"நல்ல வேளடி, நான் வெளிய வந்துட்டேன்" என்றாள். "என் கை போனதும் எல்லாம் நேராயிடிச்சி பாரு."

கட்டின கையைப் பிரிக்காமல், கழற்றிவிடச் சொல்லி என் பக்கம் தலையைக் குனிந்தாள். நான் கழற்றினேன்.